தியேட்டரா, வீடா? ஐந்து பேர் குடும்பம், மாதம் ஒரே ஒரு படம்

அம்பை கணக்கன்

வணக்கம். அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன். வீட்டில் அம்மா, மனைவி, ஒன்பது வயதிலும் பதினான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள். மாதம் ஒரு படம் தியேட்டரில், மற்றவை வீட்டில் என்பது எங்கள் வழக்கம்.

போன மாதம் திருநெல்வேலிக்குப் போய்வந்தோம். ஐந்து டிக்கெட், பஸ், ஜங்ஷனிலிருந்து ஆட்டோ, இடைவேளையில் பிள்ளைகள் கைநீட்டியவை, திரும்பும்போது கால் கிலோ அல்வா எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். படம் இருபதாவது நிமிடத்தில் செத்துவிட்டது. மிச்ச நேரம் முழுவதும் இருட்டில் உட்கார்ந்து நிமிடத்துக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துக்கொண்டிருந்தேன். உருப்படியாக இருந்தது அல்வா மட்டும்தான்.

இதுவரை என்னிடம் ஒரு விதி இருந்தது. பெரிய படத்துக்குத் தியேட்டர், சின்னப் படத்துக்கு வீடு. அதில் இப்போது நம்பிக்கை போய்விட்டது. 2024 ஆகஸ்ட் 23 அன்று ‘வாழை’யும் ‘கொட்டுக்காளி’யும் ஒரே நாளில் வெளியாயின. நம் பக்கத்துக் கதை என்பதால் முதலாவதைத் தியேட்டரில் பார்த்தோம். இரண்டாவதைச் சின்னப் படம்தானே என்று வீட்டுக்கு ஒதுக்கினேன். அது பின்னணி இசையே இல்லாத படம். எங்கள் வீட்டில் குக்கர் இசையமைத்தது. நடுவில் ஆறு முறை நிறுத்தினோம். முடிந்த பிறகு என் மனைவி கேட்டாள்: “இவர்கள் எங்கே போய்க்கொண்டிருந்தார்கள்?” படத்தில் வரும் பெண்ணைச் சாமியாரிடம் கூட்டிப்போகும் பயணம்தான் மொத்தக் கதையுமே.

எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? வெறும் படப் பட்டியல் வேண்டாம். வழி சொல்லுங்கள்.

பேட்டை முதல் வரிசை

விசில் அடிக்கிற படம் தியேட்டரில். அழுகிற படம் வீட்டில். இதற்கு ஒரு விவாதமா?

ரீல் பெட்டி

எந்தப் படம் என்று கேட்கிறீர்கள், சரி. எந்தத் தியேட்டர் என்று ஒருவரும் கேட்கவில்லையே.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் ஆபரேட்டராக இருந்தவன். கார்பன் குச்சியை எரித்துப் படம் ஓட்டிய காலத்தில் உள்ளே நுழைந்தேன். ஆயிரம் அடி ரீல் பதினொரு நிமிடம் ஓடும். ஒரே பிரதியை இரண்டு தியேட்டர்கள் பங்கிட்டுக்கொண்ட நாட்களில், இங்கே ஓடி முடிந்த ரீலைப் பையன் சைக்கிளில் அடுத்த தியேட்டருக்குக் கொண்டு ஓடுவான். வழியில் ரயில்வே கேட் மூடிவிட்டால் அங்கே வெள்ளைத் திரைதான், கூடவே கூச்சல். இப்போது படம் ஹார்ட் டிஸ்க்கிலோ சாட்டிலைட் வழியாகவோ வருகிறது. திறப்பதற்கு ஒரு கணினிச் சாவி தனியே வரும். இன்ன தியேட்டர், இன்ன கருவி, இன்ன நாள் என்று அதில் குறித்திருக்கும்.

ஆனால் விளக்கு விளக்குதான். புரொஜெக்டரில் இருக்கும் செனான் விளக்குக்கு வயதாக ஆக வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். உடனே அணைந்துவிடாது, அதுதான் ஆபத்து. விலை அதிகம் என்பதால் முதலாளிகள் இழுத்தடிப்பார்கள். இரவுக் காட்சிகள் மிகுந்த படத்தைக் கிழட்டு விளக்கில் பார்த்துவிட்டு “ஒளிப்பதிவு சரியில்லை” என்று திட்டியபடி போகிறவர்களை என் அறைச் சன்னல் வழியாக நிறையப் பார்த்திருக்கிறேன். பாவம், ஒளிப்பதிவாளர். முப்பரிமாணக் கண்ணாடி போட்டால் இருக்கிற வெளிச்சத்திலும் பாதிக்கு மேல் போய்விடும்.

சத்தமும் அப்படியே. ஒலிக் கலவை செய்யும் அறையையும் தியேட்டரையும் ஒரே அளவுக்குச் சீரமைப்பார்கள். கருவியில் அதற்கான எண் 7. எந்தத் தியேட்டரிலாவது ஏழில் ஓடுகிறதா? கலவையிலேயே சத்தத்தை ஏற்றி அனுப்புகிறார்கள், ஆபரேட்டர் நான்குக்கோ ஐந்துக்கோ இறக்குகிறான், மெதுவாகப் பேசுகிற வசனம் அடியில் போய்விடுகிறது. 2024 நவம்பரில் ‘கங்குவா’வுக்குக் காது தாங்கவில்லை என்று புகார் கிளம்பியபோது, ஒலியை இரண்டு புள்ளி குறைக்கும்படி தயாரிப்பாளரே தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார்.

ஆகவே, தம்பி, முதலில் ஒரு தியேட்டரைத் தேர்ந்தெடுங்கள். முதல் முறை தனியாகப் போங்கள். திரையின் நான்கு மூலைகளும் ஒரே வெளிச்சத்தில் இருக்கின்றனவா? அகலப் படம் ஓடும்போது மேலும் கீழும் மிஞ்சுகிற வெள்ளையைக் கறுப்புத் திரை கொண்டு மறைக்கிறார்களா? கிசுகிசுத்துப் பேசும் வசனம் காதில் விழுகிறதா? இவை சரியாக இருந்தால் குடும்பத்தைக் கூட்டிப்போங்கள். திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நடு நாற்காலி. கடைசி வரிசையில் உட்காராதீர்கள், பின்சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் தலைக்குள் உட்கார்ந்துவிடும்.

அம்பை கணக்கன்

அண்ணாச்சி, முப்பது வருடமாகக் கடைசி வரிசைதான் கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரீல் பெட்டி

எல்லோரும் அப்படித்தான். அதற்குத்தான் விலையும் அதிகம்.

கடையத்து மதினி

ஆண்கள் எல்லோரும் ஒளி, ஒலி என்று பேசுகிறீர்கள். நான் என் வீட்டு நிலவரத்தைச் சொல்கிறேன்.

வீட்டில் நான் ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. தொடக்கம் தெரியும், முடிவு தெரியும், நடுவில் தோசை. எல்லோரும் பார்க்கிறார்கள், நான் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடக்கிறேன். “நிறுத்தி வைத்திருக்கிறோம், வாங்க அம்மா” என்பார்கள். நான் வந்து உட்கார்ந்ததும் யாருக்காவது தண்ணீர் வேண்டியிருக்கும். யாரும் என்னைத் தண்ணீர் கேட்க முடியாத ஒரே இடம் தியேட்டர். பாட்டில் நூறு ரூபாய் என்றாலும் அவர்களே போய் வாங்கிக்கொள்ளட்டும்.

அதனால் என் கணக்கு வேறு. கவனமாகப் பார்க்க வேண்டிய படம் எதுவோ, பேச்சுக் குறைந்த படம் எதுவோ, அதற்குத் தியேட்டர். சண்டைப் படத்தை வீட்டில் பார்க்கலாம். மூன்று சண்டையைத் தவறவிட்டாலும் நாயகன் உயிரோடுதான் இருப்பான். தம்பி, நீங்கள் ‘கொட்டுக்காளி’யை வீட்டுக்கும் சத்தப் படத்தைத் தியேட்டருக்கும் ஒதுக்கியது தலைகீழ்க் கணக்கு.

சின்னப் பிள்ளை இருக்கிறதென்றால் தணிக்கைச் சான்றிதழையும் பாருங்கள். முன்பு வெறும் யு/ஏ என்று இருந்ததை 2024 முதல் 7 வயது, 13 வயது, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன் பார்த்துவிட்டால் கழுத்தறுபடும் காட்சியில் ஒன்பது வயதின் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டாம். நான் உட்கார்ந்திருக்கிறேன். கை வலித்தது.

பேட்டை முதல் வரிசை

மதினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். 2024 ஏப்ரலில் ‘கில்லி’ மறுபடி வெளியானபோது எல்லாருக்கும் வசனம் மனப்பாடம். இருபது வருடப் பழைய படம், தொலைக்காட்சியில் நூறு முறை போட்ட படம். தியேட்டர் நிரம்பியது. யார் கவனமாகப் பார்த்தார்கள்? படத்தை நாங்களே நடத்தினோம். தேரோட்டத்துக்குப் போகிறவன் தேரைப் பார்க்கவா போகிறான்? வடம் பிடிக்கப் போகிறான்.

பாளை வாத்தியார்

பேட்டைத் தம்பி முதன்முறையாக நல்ல உவமை சொல்லியிருக்கிறார். ஆனால் ஆனித் தேர் வருடத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வடம் பிடித்தால் கை தேய்ந்துவிடும்.

தேர்வு பற்றிச் சொல்கிறேன். விமர்சனத்துக்குக் கொடுக்கும் நட்சத்திரங்களை நான் பார்ப்பதில்லை. தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி எடுக்கும் கருத்துகளையும் பார்ப்பதில்லை. 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் அதை வளாகத்துக்குள் அனுமதிக்க வேண்டாம் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டார்கள். முதல் மூன்று நாள் விமர்சனத்துக்கே தடை கேட்டு உயர் நீதிமன்றம் வரை போனார்கள், நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை. கொடுக்காததும் நல்லதே. காசு கொடுத்துப் பார்த்தவனின் வாயை எப்படிக் கட்டுவது? ஆனால் அந்த வாயை நம்பி நான் ஏன் காசைக் கொடுக்க வேண்டும்?

எனக்கு உதவுவது ஒரு மனிதரின் ருசி. இரண்டு பேரை ஆண்டுக்கணக்கில் வாசித்து வருகிறேன். ஒருவருக்கும் எனக்கும் ஒத்தே போகாது. அவர் “இழுவை” என்று எழுதினால் அன்று மாலையே டிக்கெட் எடுத்துவிடுவேன். இதுவரை பெரிதாக ஏமாந்ததில்லை. ஒத்துப்போகிறவரைவிட ஒழுங்காக மாறுபடுகிறவர் நம்பகமான வழிகாட்டி.

இன்னொரு வழி, பின்னோக்கிப் போவது. காஞ்சனை திரைப்பட இயக்கம் நம் ஊரில் உலகப் படங்களைத் திரையிட்டு வந்த காலத்தில்தான், ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அதன் இயக்குநரைத் தேடிப் போகப் பழகினேன். ஒரு படம் பிடித்தால் அதை எழுதியவர் யார், ஒளிப்பதிவு யார், அவர்களின் முந்தைய படங்கள் எவை என்று வீட்டில் தேடிப் பாருங்கள். அடுத்த படம் வரும்போது விமர்சனமே தேவைப்படாது. நம் ஊர்க்காரர்களுக்கு இது எளிது. ‘அவள் அப்படித்தான்’ (1978) வசனத்தில் நம் எழுத்தாளர் வண்ணநிலவன் இருக்கிறார். ‘உதிரிப்பூக்கள்’ (1979) புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ கதை.

தாமிரபரணி வாசகி

சார், ஒரு திருத்தம். ‘சிற்றன்னை’ அங்கே வெறும் வித்து. கதையைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் இயக்குநர் மகேந்திரன் எவ்வளவு தூரம் விலகிப் போயிருக்கிறார் என்பது தெரியும். அப்படியே எடுத்தார் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள், மகேந்திரனுக்கும் அது நியாயமாகாது.

பாளை வாத்தியார்

ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. அவசரத்தில் எழுதிவிட்டேன்.

தாமிரபரணி வாசகி

வீட்டில் பார்க்க வேண்டியவற்றில் ஒரு வகையை யாரும் சொல்லவில்லை. தியேட்டருக்கு இனி வரவே வாய்ப்பில்லாத படங்கள். பாலுமகேந்திராவின் ‘வீடு’ 1988-இல் வந்தது. அதன் மூல நெகட்டிவே இல்லாமல் போய்விட்டது என்று அவரே வருந்திச் சொல்லியிருக்கிறார். மங்கிய பிரதிதான் கிடைக்கும். அதை “பிரிண்ட் சரியில்லை” என்று தள்ளிவிட்டு, துல்லியமான திரையில் ஒன்றுமில்லாத படத்தைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

செங்கோட்டை எல்லை

புளியரை தாண்டினால் எங்களுக்குக் கேரளம். அதனால் மலையாளப் படத்தை நாங்கள் மொழிமாற்றத்துக்குக் காத்திருந்து பார்ப்பதில்லை. தமிழ்நாடு முழுவதும் அந்த வழக்கத்துக்கு வந்தது ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தபோதுதான், 2024 பிப்ரவரியில். 1991-இல் வந்த ஒரு தமிழ்ப் பாட்டு ஒரு மலையாளப் படத்தின் முடிவில் ஒலிக்கிறது, தென்காசியில் ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள். எனக்கு முன்னால் இருந்த பெரியவர் அழுதார். வீட்டில் அதே பாட்டை எத்தனையோ முறை கேட்டவர்தான் அவரும்.

மொழிமாற்றிய குரலில் வீட்டில் பார்ப்பதைவிட, எழுத்து ஓடும் மூலக் குரலில் பாருங்கள். உதடு ஒன்று சொல்ல, காது இன்னொன்று கேட்க, மனசு நடுவில் மாட்டிக்கொள்ளும்.

வள்ளியூர் வயர்மேன்

வீடு வீடாகப் போய் டிவி மாட்டிக் கொடுக்கிறவன் நான். வீட்டில் படம் நன்றாக இல்லை என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு டிவியில்தான் கோளாறு. கோளாறு என்றால் பழுது இல்லை. கடையிலிருந்து வந்த அமைப்பிலேயே ஓடுகிறது.

‘மோஷன்’ என்று தொடங்கும் ஓர் அமைப்பு இருக்கும். கிரிக்கெட்டுக்கு நல்லது. படத்துக்கு அதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் எந்தப் படமும் மெகா சீரியல் போல வழவழவென்று தெரியும். பளிச்சென்ற நிற அமைப்பை மாற்றி ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ அமைப்புக்கு வாருங்கள். முதல் நாள் மஞ்சளாகத் தெரியும். மூன்றாம் நாள் பழகிவிடும், பழையதைப் பார்த்தால் கண் கூசும்.

வசனம் கேட்கவில்லை, சண்டை மட்டும் காதைப் பிளக்கிறது என்பார்கள். ரிமோட்டைக் கீழே வைக்காமல் சத்தத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார்கள். தியேட்டரில் வசனத்துக்குத் திரைக்குப் பின்னால், நடுவில் தனி ஸ்பீக்கர் இருக்கும். டிவியில் அடியிலோ பின்னாலோ சுவரைப் பார்த்தபடி இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். நடு ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பார் ஒன்று வாங்கினால் போதும். அதுவும் இல்லை என்றால் ஒலி அமைப்பில் வசனத்தைத் தூக்கிக் காட்டும் தேர்வு ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள்.

கைப்பேசிகளை அடுத்த அறையில் வையுங்கள் என்று சொன்னால் வாடிக்கையாளர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அதற்கு மட்டும் என்னிடம் வயர் இல்லை.

ஓடிடியை மாதம் ஒன்றாக மாற்றி மாற்றி வாங்குங்கள். ஒரே நேரத்தில் நான்கு சந்தா வைத்திருக்கிறவர் நான்கிலும் தேடித் தேடியே தூங்கிப்போகிறார்.

அம்பை கணக்கன்

நான்கு வாரத்தில் எல்லாமே ஓடிடிக்கு வந்துவிடுகிறதே, காத்திருந்தால் என்ன என்பதும் என் சந்தேகம். ‘மெய்யழகன்’ தியேட்டருக்கு வந்தது 2024 செப்டம்பர் 27. சில நாட்களில் பதினெட்டு நிமிடத்தை வெட்டினார்கள். அக்டோபர் 25-இல் வீட்டுக்கே வந்துவிட்டது.

ரீல் பெட்டி

காத்திருக்கலாம், ஆனால் எதற்குக் காத்திருப்பது என்று பாருங்கள். பெரிய படம் எங்கும் ஓடிப்போகாது. மூன்றாவது வாரமும் இருக்கும், பிறகு வீட்டுக்கும் வரும். சின்னப் படத்துக்குக் காலை 11 மணிக்கு ஒரே ஒரு காட்சி கொடுப்பார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை அதுவும் இருக்காது. சனிக்கிழமை பார்க்கலாம் என்று வைத்திருந்து எத்தனை பேர் பூட்டிய கவுன்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். எங்கள் முதலாளி சொல்வார், சின்னப் படத்தைக் கொல்வது எதிரியின் ஏச்சு அல்ல, நண்பரின் “அடுத்த வாரம்” என்பார்.

ஆகவே சின்னதுக்கு முதல் வாரம், பெரியதுக்கு மூன்றாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. கூட்டம் இருக்காது, பேட்டைத் தம்பியும் இருக்க மாட்டார். நூறு ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி இப்போது 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. உங்கள் கணக்குக்கு உதவும்.

பேட்டை முதல் வரிசை

அண்ணாச்சி, செவ்வாய்க்கிழமையும் வருவேன்.

பாளை வாத்தியார்

ஒரு விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறோம், தொடவில்லை. நான் தொடுகிறேன்.

நம் மாவட்டத்தில் ஒரு படம் பார்க்கலாமா என்று கேட்டால், “யார் எடுத்தது?” என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கும். இயக்குநரின் பெயர் தெரிந்த பிறகும் தீராத கேள்வி அது. 2018-இல் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. நம் ஊர்ச் சட்டக் கல்லூரி, நம் ஊர்ப் பஸ், நம் ஊர்ப் பேச்சு. என் தெருவில் ஒருவர் அதைத் தியேட்டரில் பார்க்க மாட்டேன் என்றார். பிறகு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார், தனியாக. பார்த்ததாகவும் யாரிடமும் சொல்லவில்லை. அவர் மகன்தான் என்னிடம் சொன்னான், என் மாணவன்.

நான் தியேட்டரில் பார்த்தேன். எனக்கு இரண்டு பக்கத்திலும் யார் இருந்தார்கள் என்று தெரியாது. தெரியாது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். எங்கள் தெருவில் அப்படி ஒரு நாற்காலி வரிசை கிடையாது. கல்யாண வீட்டில் கிடையாது, கோயில் கொடையிலும் கிடையாது. கடைசியில் இரண்டு தேநீர் டம்ளர்கள், நடுவில் ஒரு பூ. அரங்கம் முழுக்க ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. எனக்கு வலப்பக்கம் இருந்த ஆள் அழுதாரா, எரிச்சலில் இருந்தாரா என்று இன்றுவரை தெரியாது. அவருக்கும் என்னைப் பற்றித் தெரியாது. ஆனால் இரண்டு பேரும் எழுந்து போகவில்லை.

இந்த வகைப் படத்தை வீட்டில் பார்த்தால், ஏற்கெனவே என்ன நினைத்துக்கொண்டிருந்தோமோ அதையே நினைத்துக்கொண்டு தூங்கப் போகலாம்.

செங்கோட்டை எல்லை

சார், அதே வரிசையில் ஏச்சுப் பேச்சும் கேட்டிருக்கிறேன். எல்லாத் தியேட்டரிலும் அந்த அமைதி இருந்ததாக நினைக்க வேண்டாம். நான் பார்த்த காட்சியில் பின்வரிசையில் ஒருவன் படம் முழுக்க எகத்தாளம் பேசினான். ஒருவரும் அவனைத் தட்டிக்கேட்கவில்லை, நான் உட்பட.

பாளை வாத்தியார்

மறுக்கவில்லை. எனக்குக் கிடைத்த காட்சியை நான் சொன்னேன், உங்களுக்குக் கிடைத்ததை நீங்கள் சொன்னீர்கள்.

கடையத்து மதினி

அந்தப் படத்தை நான் வீட்டில் பார்த்தேன், வழக்கம்போல நடுவில் தோசையோடு. வாத்தியார் சொல்வதைப் படித்த பிறகு எதை விட்டேன் என்று தெரிகிறது.

அம்பை கணக்கன்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

ஆபரேட்டர் அண்ணாச்சி சொன்னபடி முதலில் தனியாகப் போய் இரண்டு தியேட்டர்களைப் பார்த்தேன். முதலாவதில் திரையின் இடது மூலை சாயங்காலம் போல மங்கலாக இருந்தது. இத்தனை வருடமாகக் குடும்பத்தைக் கூட்டிப்போனது அங்கேதான், இதுவரை அது கண்ணிலேயே படவில்லை. இரண்டாவது சின்னத் தியேட்டர், நாற்காலி பழையது, வசனம் தெளிவாகக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை மதியக் காட்சி. பிள்ளைகளுக்குப் பள்ளி, அதனால் மூன்று பேர். மொத்தச் செலவு 640 ரூபாய், அல்வா உட்பட. மதினி எழுதியதை என் மனைவிக்குப் படித்துக் காட்டியிருந்தேன். படத்தையும் அவளே தேர்ந்தெடுத்தாள். பேச்சுக் குறைந்த படம். இடைவேளையில் எழுந்திருக்கவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்தபடி, “நீங்கள் போய்த் தேநீர் வாங்கி வாருங்கள்” என்றாள். வாங்கி வந்தேன். அம்மா இரண்டாம் பாதியில் அரை மணி நேரம் தூங்கினார். வெளியே வந்ததும் “நல்ல படம்” என்றார்.

கடையத்து மதினி

அந்த அரை மணி நேரத் தூக்கத்துக்கே டிக்கெட் காசு சரியாகிவிட்டது, தம்பி. படம் எப்படி இருந்தது என்று உங்கள் வீட்டம்மாவே இங்கே எழுதலாமே?

அம்பை கணக்கன்

கேட்டேன். அடுத்த மாதப் படத்தையும் பார்த்துவிட்டு எழுதுகிறாளாம். அது மாலைக் காட்சி. ஜங்ஷனிலிருந்து அம்பைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று யாருக்காவது உறுதியாகத் தெரியுமா?